நூறு வயதுக்காரரை நான் நிலத்தில விழுத்தின நாள்

அம்மாளின்ர வாசலில என்னோட கும்பிட நிக்கிற எல்லாருக்கும் இதை எழுதிறன். எழுத வெட்கமாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு வாற சிவா அக்கா, "உமக்கு அம்மாள் செய்ததை நீர்தான் எல்லாருக்கும் சொல்லவேணும்" எண்டு விடாமல் கேட்டவ. வாயால சொன்னால் அழுதுபோடுவன். எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் நிண்ட ஆள் நான். பிழையள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு வெள்ளைக்கார மனிசனை, அவற்ர நூறாவது பிறந்தநாளில, பிள்ளையள் பேரப்பிள்ளையள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, கதிரையால இழுத்து நிலத்தில விழுத்திப்போட்டன். அவரை அம்புலன்சில ஏத்தினதைக் கண்ணால பாத்தன். அண்டைக்கு நான் பட்ட அவமானம் என்ர எதிரிக்கும் வரக்கூடாது.

வயது போனவையை அவையின்ர வீட்டில போய்ப் பாக்கிறதுதான் என்ர வேலை. ஆர்தர் எண்ட அவரை இஞ்ச கனடாவில, வோபர்ன் எண்ட இடத்தில, ரெண்டு வருசமாப் பாத்தனான். குளிக்க வாக்கிறது, சாப்பாடு தீத்துறது, வெயில் எறிச்சால் பின்வளவில கொண்டுபோய் இருத்துறது. நல்ல பகிடிக்காரர். மங்கையர்க்கரசி எண்ட என்ர பேர் அவருக்கு வாயில வராது. என்ன கருத்து எண்டு கேட்டார். சொன்னன். அண்டையில இருந்து எனக்குப் பேர் 'குயின்'.

அவற்ர அறையில ஒரு படம் இருந்தது. ஒரு பெரிய பிளேனுக்குக் கீழ ஏழு பெடியள் தோளில கைபோட்டபடி நிப்பினம். ஒருநாள் சூப் தீத்தேக்கை அவராச் சொன்னார். உலக யுத்த நேரம் இங்கிலாந்தில இருந்து குண்டு போடப் போற பிளேன் அது. ஏழு பேர் ஒரு கூட்டு. அவருக்கு வயது பத்தொன்பது. பிளேன்ர வால் நுனியில, கண்ணாடிக் கூட்டுக்குள்ள, துவக்கோட தனிய இருந்தவராம்.

எங்கட பாசையில சொன்னால், பொம்மர்.

அடுத்த கரண்டிச் சூப்பை ஊதி ஆறவைச்சுத் தீத்தினன். யாழ்ப்பாணத்தில பொம்மருக்குக் கீழ வளந்த பிள்ளை நான். அதில இருந்த ஆக்களுக்கும் முகம் இருக்கும், அவைக்கும் சூப் ஆறவேணும் எண்டு நான் ஒருநாளும் யோசிச்சதில்லை.

நூறாவது பிறந்தநாள் கிட்ட வந்தது. மகள் லிண்டா சந்தோசத்தோட வந்து சொன்னா: அப்பா யுத்தத்தில பறந்த அதே மாதிரிப் பிளேன் ஒண்டை, பழைய பிளேனுகளைக் காத்து வைச்சிருக்கிற ஒரு நூதனசாலைக்காரர் இன்னும் பறக்கவிடினமாம். சனிக்கிழமை மத்தியானம் அது வீட்டுக்கு மேலால பதிஞ்சு போகுமாம். அப்பா வளவில இருந்து பாக்கவேணும், நீதான் பக்கத்தில நிக்கவேணும் எண்டா. நான் ஓம் எண்டு சிரிச்சன்.

எயார்போட்டுக்குப் போற ஜெற் பிளேன் எனக்குப் பிரச்சினையில்லை. காத்தாடி வைச்ச பிளேன்ர இரைச்சல்தான். ஊரில அப்பிடி ஒண்டு வரும், சகடை எண்டு சொல்லுவம். மெல்லமா இரைஞ்சு இரைஞ்சு வந்து பீப்பாய்க் குண்டைத் தள்ளிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மூளை நிண்டுபோகும், உடம்பு தன்ர பாட்டில வேலை செய்யும். கனடா வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு பிளேனுக்குப் பயம் எண்டு ஆருக்குச் சொல்லுறது?

என்ர மனிசன் சொன்னார், "இஞ்சேரும், சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வீட்டில நில்லும்."

"பொய் சொல்லேலாது."

"அப்ப உண்மையைச் சொல்லும்."

"அது அதைவிட ஏலாது."

"அப்ப என்னதான் செய்யப்போறீர்?"

மழை பெய்தால் பிளேன் வராது எண்டு மழைக்கு நேந்தன். கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏத்தி, "அம்மாளே, சனிக்கிழமை கொட்டோ கொட்டெண்டு கொட்டவேணும்" எண்டு கும்பிட்டன். நூறு வயது மனிசன்ர பிறந்தநாளைக் கெடுக்கச்சொல்லி விளக்கேத்தின ஆள் நான். சனிக்கிழமை ஒரு முகில்கூட இல்லை.

வளவு முழுக்கச் சனம். கேக், பலூன். ஆர்தருக்குக் கோட்டுப் போட்டு மெடல் குத்தி இருத்தியிருந்தினம். ஆரோ "வருது, வருது" எண்டினம். முதல்ல காலுக்குக் கீழ அதிர்ந்தது. பிறகு அந்த இரைச்சல். பிறகு கூரைக்கு மேல கறுப்பா ஒரு வயிறு.

எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சம் மற்றவை சொன்னது. "படு! படு! வாயைத் திற, காதைப் பொத்து!" எண்டு தமிழில கத்தினனாம். ஆர்தரை அக்குளால பிடிச்சு இழுத்து, வேலிக்கரைப் பள்ளத்தில முகங்குப்புறப் போட்டு, மேல நான் படுத்திட்டன். ஊரில எங்களுக்குப் பழக்கினது அதுதான். சத்தம் தூரப்போக, எனக்குக் கீழ அவர் முனகினது கேட்டுது. ஒரு சின்னப்பிள்ளை வீரிட்டு அழுதது. லிண்டா, "என்ன செய்துபோட்டாய்? என்ன செய்துபோட்டாய்?" எண்டு என்னைத் தள்ளினா.

ஆர்தருக்கு மணிக்கட்டு எலும்பு வெடிச்சிருந்தது. விலா கண்டிப்போச்சு. பிறகு நெஞ்சில சளி கட்டிக் காய்ச்சல் ஏறிச்சு. இந்த வயதில இனிச் சொல்லேலாது எண்டு டொக்டர் சொன்னதா அறிஞ்சன். விசாரணை முடியுமட்டும் வேலைக்கு வரவேண்டாம் எண்டு கொம்பனியும் சொல்லிப்போட்டுது.

நான் சாமிப்படத்துக்கு முன்னால விழுந்து கிடந்தன். இதைத்தான் நான் சொல்ல வந்தது. என்ர வாயில முதல் வந்தது என்ன தெரியுமோ? "அம்மாளே, என்ர வேலையைக் காப்பாத்து. என்னில வழக்குப் போடவிடாதை." அங்க ஒரு மனிசன் மூச்செடுக்கக் கஷ்டப்படுறார், நான் எனக்காகக் கும்பிடுறன். பாதியில எனக்கு அது உறைச்சுது. அந்த நேரம் பட்ட வெட்கத்துக்கு முன்னால வளவில பட்டது ஒண்டுமில்லை. அம்மாளின்ர முகத்தை நிமிந்து பாக்கேலாமல், தரையைப் பாத்துக்கொண்டு சொன்னன்: "வேலை போனால் போகட்டும். எனக்குப் பயம், நான் அதை மறைச்சன். அந்த மனிசனுக்கு மூச்சைக் குடு." என்ர வாழ்க்கையில நான் எனக்கெண்டு ஒண்டும் கேளாத முதல் கும்பிடு அதுதான்.

செவ்வாய்க்கிழமை லிண்டா போன் எடுத்தா. "அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிட்டுது. ஆனால் ஆர் தீத்தினாலும் வாய் திறக்கிறாரில்லை. குயின் எங்க எண்டு கேக்கிறார். எனக்கு உன்னில கோவம் இன்னும் போகேல்லை. ஆனால் வா."

ஆஸ்பத்திரிக்குப் போனன். ஆர்தர் என்னைக் கண்டிட்டு, கட்டுப்போட்ட கையைத் தூக்கினார். அவர் இங்கிலீசில சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதிறன்.

"ஜெர்மன்காரர் எல்லாரும் சேந்தும் என்னை விழுத்தேல்லை. நீ ஒரு இழுவையில விழுத்திப்போட்டாய்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டா வந்தது. மன்னிப்புக் கேட்டன். அவர் அதைக் காதில விழுத்தேல்லை. "அப்பிடிப் படுக்க உனக்கு ஆர் பழக்கினது?" எண்டு கேட்டார்.

ஒருத்தருக்கும் சொல்லாததைச் சொன்னன். சகடையைப் பற்றி, பதுங்குகுழியைப் பற்றி. என்ர தங்கச்சி குழிவாசலில நிண்டு மேல பாத்ததையும், நான் கையைப் பிடிச்சு இழுக்கப் பிந்திப்போனதையும் சொன்னன்.

அவர், "நான் வாலில இருந்தனான். திரும்பி வரேக்கை மற்ற ஆறுபேரும் வீட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு வருவினம். நான் மட்டும் எரியிற ஊரைப் பாத்துக்கொண்டு வருவன். அது கனதூரத்துக்குத் தெரியும்" எண்டார். "அதுக்குள்ள ஆக்கள் எப்பிடிப் படுத்திருப்பினம் எண்டு எனக்கு இப்பதான் தெரியும்."

வாசலில நிண்ட லிண்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. அவ பிறந்து அறுபது வருசத்துக்கு மேல, தேப்பன் இதை அவவுக்குச் சொன்னதில்லை. தானும் வெட்கத்திலதான் சொல்லேல்லை எண்டார். பிறகு வாயைத் திறந்தார். நான் தீத்தினன்.

அவர் வீட்டுக்கு வந்திட்டார். வேலை போகேல்லை. லிண்டாவே கொம்பனியோட கதைச்சா. ஆனால் நான் நன்றி சொல்லுறது வேலைக்கு இல்லை. அந்த மூச்சுக்கு. மழை கேட்டவளுக்கு அம்மாள் மழையைத் தரேல்லை. ஒளிச்சு வைச்சதை எல்லாம் வெளியில எடுத்துப்போட்டு, அதுக்குப் பிறகுதான் அந்த மூச்சைத் தந்தவ. இப்ப இந்தப் பயத்துக்கு ஒரு தமிழ் டொக்டரிட்டப் போறன். என்ர பிள்ளையளுக்கும் எல்லாத்தையும் சொல்லியிருக்கிறன். பயம் முழுக்கப் போகேல்லை, பொய் சொல்லமாட்டன்.

எங்கட கோயிலில எவ்வளவு சனம். என்னைப் போல எத்தினை பேர் இருக்கிறியளோ தெரியாது. நல்ல சீலை உடுத்துக்கொண்டு வந்து, வேலையும் வீடும் கேட்டுக் கும்பிட்டிட்டு, உள்ளதைச் சொல்லாமல் திரும்பிப் போறியள். நானும் அப்பிடித்தான் திரிஞ்சனான். வெட்கமா இருக்கிறதை அம்மாளுக்குச் சொல்லுங்கோ. தனியச் சொல்லப் பயமெண்டால் வெள்ளிக்கிழமை வாங்கோ, என்ர பக்கத்தில இடம் இருக்கு. என்னெண்டு கேக்கமாட்டன்.