நோர்ட்லிங்கன் மதிலில் ஒரு முழுச் சுற்று

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாடனிலிருந்து புறப்படுவதாகப் பேச்சு. ஐந்தேமுக்காலுக்கே நான் கீழே வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்புப் பையில் இரண்டு பாஸ்போர்ட், இரண்டு செல்போன், காப்பீட்டுத் தாள், என் மனைவி வைதேகியின் சர்க்கரை மாத்திரை, என் ரத்த அழுத்த மாத்திரை, நாற்பது யூரோ. ஜிப்பை மூடிய பிறகும் மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெர்மனியில் எது தொலைந்தாலும் ஜெர்மன் மொழியில்தான் தேட வேண்டியிருக்கும்.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று எனக்குப் பதின்மூன்று வருடம் ஆகிறது. மகள் சுவிட்சர்லாந்தில், பாடனில் வேலை பார்க்கிறாள். மூன்று மாத விசாவில் அவளோடு இருக்க வந்தோம். ஊர் திரும்ப இரண்டு வாரம்தான் பாக்கி.

எங்களை அழைத்துப் போனவர் சிவநேசன். மகளின் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் டாவோஸ் என்ற பனிமலை ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர், இப்போது பாடனில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கிறார். அவருடைய தங்கை ஜெர்மனியில், நோர்ட்லிங்கன் என்ற ஊரில் இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காரில் போய் வருவார்.

ஒருநாள் மாடிப்படியில் நின்று அந்த ஊரைப் பற்றிச் சொன்னார். "அம்மா, ஊரைச் சுத்தி வட்டமா மதில். மேலாலை நடக்கலாம், கூரையும் போட்டிருக்கு. எங்கை ஏறினாலும் சுத்திக்கொண்டு திரும்ப அங்கைதான் வந்து நிப்பியள்."

"போகலாங்க," என்றாள் வைதேகி உடனே. பனிமலைக்கு அழைத்துப்போனபோது காரிலேயே உட்கார்ந்திருந்தவள். வந்த இரண்டரை மாதத்தில் அவளாகக் கேட்டது இது ஒன்றுதான். எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே காலிப் பாட்டில்களைக் குப்பையில் போடக் கூடாது. பச்சை, பழுப்பு, வெள்ளை எனப் பிரித்து நான்கு தெரு தள்ளியிருக்கும் தொட்டிகளில் போட வேண்டும். பத்து நாளுக்கு முன் வைதேகி ஊறுகாய்ப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை. கடைசியில் சிவநேசன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேறொரு கட்டடத்தின் வாசலில், கையில் வெறும் பையோடு நின்றாளாம். அவர் மகளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ரசத்தில் இரண்டாம் முறை உப்பு, ஒன்று. பேத்தியைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டது, இரண்டு. அப்படி ஏழு வரை வந்திருந்தது. அவள் பாஸ்போர்ட்டையும் போனையும் நானே வைத்துக்கொண்டேன். தனியாக வெளியே விடவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். எனக்கு வயது எழுபத்து மூன்று. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாஃப்ஹவுசனைத் தாண்டி தாயிங்கன் எல்லைச் சாவடி வந்தது. விசா பக்கத்தை விரித்து இரண்டு பாஸ்போர்ட்டையும் கண்ணாடியோரம் பிடித்தேன். அதிகாரி காரை ஒரு பார்வை பார்த்துப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

"உள்ளை வையுங்கோ ஐயா. கேட்டாக் காட்டினாக் காணும்," என்றார் சிவநேசன்.

"கேட்கவே இல்லையே!"

"கேக்காட்டிச் சந்தோசம் எல்லோ?"

எனக்குச் சந்தோஷமில்லை. யாருமே பார்க்காத விசாவை நம்பி எப்படி ஒரு நாட்டுக்குள் போவது? வைதேகி பின்சீட்டிலிருந்து, "அவரை விடுங்க. முத்திரை குத்தாம அவருக்குச் சோறு இறங்காது," என்றாள். சிவநேசன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

வலப்பக்கம் வெகுதூரம் கான்ஸ்டன்ஸ் ஏரி கூடவே வந்தது. வழியில் ஒரு வாகன நிறுத்தத்தில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி சாப்பிட்டோம். குளிரில் எனக்குக் கை நடுங்கியது. "இது குளிரே? டாவோஸிலை முதல் மாரிக்கு நான் வெளியாலை போகவே இல்லை. சட்டி கழுவுற சுடுதண்ணிக்குள்ளை கையை வைச்சுக்கொண்டு நிண்டன். முதலாளி நான் நல்ல வேலைக்காரன் எண்டு நினைச்சார்," என்றார் அவர். உல்ம் நகரத் தேவாலயத்தின் உயரமான கூரை முனை தூரத்தில் தெரிந்து மறைந்தது. ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். பத்தேகால் மணிக்கு நோர்ட்லிங்கன்.

போகாதவர்களுக்காக ஊரைச் சொல்கிறேன். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முன் வானத்திலிருந்து ஒரு பெருங்கல் விழுந்து, இருபத்தைந்து கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் ஏற்பட்டதாம். அந்தப் பள்ளத்துக்குள்தான் ஊர். ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை விழாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே இருப்பவர்கள் நிம்மதியாக ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். நட்ட நடுவில் தொண்ணூறு மீட்டர் உயரத் தேவாலயக் கோபுரம். அதைச் சுற்றிச் சிவப்பு ஓட்டு வீடுகள். அவற்றைச் சுற்றி இரண்டே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வட்ட மதில், எங்கும் அறுபடாமல். ஐந்து வாசல். மதிலின் உட்பக்கம் சின்னச் சின்ன வீடுகள் முதுகைச் சாய்த்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மதில் மேல் ஓட்டுக்கூரையோடு நடைபாதை. ஏறுவதற்குக் கட்டணம் கிடையாது.

ரைம்லிங்கர் வாசலில் எங்களை இறக்கிவிட்டார் சிவநேசன். "பன்னெண்டரைக்கு இதிலை நிப்பன். தங்கச்சி வீட்டிலை சாப்பாடு."

"பன்னெண்டரை சரியாவா?"

"ஐயா, நான் சுவிஸ்காரன் இப்ப."

வாசலை ஒட்டி மதிலுக்கு ஏறும் படி. படியருகே ஒரு பெஞ்சு. வைதேகியை அதில் உட்கார வைத்தேன். எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. ஐம்பது சென்ட் காசு வேண்டும் என்று சிவநேசன் சொல்லியிருந்தார். பையிலிருந்து சில்லறையைக் கொட்டி, சுவிஸ் காசையும் யூரோ காசையும் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள். போய்விட்டு வந்தேன்.

பெஞ்சு காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வாசலுக்கு வெளியே பார்த்தேன், உள்ளே பார்த்தேன். அவளுடைய போன் என் இடுப்பில் இருந்தது. பாஸ்போர்ட் என் இடுப்பில் இருந்தது. இந்த ஊரின் பெயர்கூட அவள் வாயில் வராது. யாராவது நீ யார் என்று கேட்டால் காட்டுவதற்கு அவளிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தேன், அவளைத் தவிர.

மதில் மேல் ஏறியிருப்பாள் என்று பட்டது. நானும் ஏறினேன். ஏறிய இடத்தில் கால் தானாக இடப்பக்கம் திரும்பி, ஊரை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தது. பிறந்ததிலிருந்து மதிலைக் கண்டால் அப்படி நடந்துதான் பழக்கம். ஒரு பக்கம் அம்பு விடும் துளைகள் வைத்த கருங்கல் சுவர். மறுபக்கம் மரத் தடுப்பு, அதற்குக் கீழே யாருடைய தோட்டமோ, காயப்போட்ட துணி, ஒரு பூனை. எதையும் ரசிக்கும் நிலையில் நான் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுடைய மஞ்சள் சேலையை எதிர்பார்த்தேன். வட்ட மதிலில் திருப்பம் முடிவதே இல்லை.

பெர்கர் வாசலருகே ஒரு பெரியவர் மதில் மேல் நின்று நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி, சேலை, ஸ்வெட்டர் என்று ஆங்கிலத்திலும் கையாலும் கேட்டேன். அவர் முன்னால் கை காட்டினார். பிறகு இரண்டு விரலைத் தடுப்பின் மேல் வைத்து விறுவிறுவென்று ஓட்டிக் காண்பித்தார். அவ்வளவு வேகமாம்.

எனக்கு முழங்கால் வலி. அவளுக்கு அது கிடையாது. பின்னாலேயே போனால் சாயங்காலம் வரை அவளைப் பிடிக்க முடியாது. அவளும் ஊரை வலமாகத்தான் சுற்றுகிறாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் நான் எதிர்ப்பக்கம் போக வேண்டும். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, திரும்புவதற்கு முன் ஒரு கணம் தயங்கினேன். கோபுரத்தை நடுவில் வைத்து ஒரு மதிலை நான் இதுவரை இடமாகச் சுற்றியதில்லை. "பெருமாளே, இது வேற ஊரு," என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

ஏறிய படியைத் தாண்டினேன். பெஞ்சு இன்னும் காலி. டைனிங்கர் வாசலை நெருங்கும்போது மஞ்சள் தெரிந்தது. வைதேகி கையை வீசிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க ஏன் இடமா வரீங்க?" இதுதான் அவள் முதல் கேள்வி.

"உன்னைத் தேடித்தான்! எங்க போன?"

"சொல்லிட்டுத்தானே போனேன்? ஒரு சுத்து சுத்திட்டு இங்கயே வந்துடறேன்னு. நீங்க சரின்னு தலையாட்டினீங்க."

சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது தலையாட்டினேனா? ஆட்டியிருப்பேன்.

"தனியா ஏன் போகணும்? நான் வரமாட்டேனா?"

அவள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். "பாட்டில் போடப் போன அன்னைக்கு, எல்லா வீட்டு ஜன்னலும் ஒண்ணு மாதிரியே இருந்துது. நாலே தெரு. எது நம்ம வீடுன்னு தெரியலை. அதுலேர்ந்து நீங்க என்னை எண்ணிக்கிட்டே இருக்கீங்க. எனக்குத் தெரியாதா? உப்புப் போட்டா உங்க விரல் மடங்குது."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ரெண்டு வாரத்துல ஊருக்குப் போறோம். தனியா ஒரு இடத்துக்குப் போய்ட்டுத் திரும்பி வர முடியுமா முடியாதான்னு எனக்கே தெரிய வேணாமா? அதான் இந்த ஊருக்கு வரேன்னேன். வழி மாற முடியாதே. எறங்குற வாசல் மட்டும் எதுன்னு ஞாபகம் வச்சுக்கணும். அவ்வளவுதான் பரீட்சை. அதுலயும் நடுவுல வந்து நிக்கறீங்க."

"சரி, வா. அடுத்த..."

"சொல்லாதீங்க!" கையை நீட்டித் தடுத்தாள். "எதுல எறங்கணும்னு சொல்லாதீங்க. நீங்க இங்கயே எறங்கிக் கீழ போங்க. நான் மேல வரேன்."

டைனிங்கர் வாசல் படியில் இறங்கினேன். அவள் அடுத்த வாசலைத் தவறவிட்டால் மறுபடியும் ஒரு சுற்று, அதற்கப்புறமும் ஒரு சுற்று என்று போய்க்கொண்டே இருப்பாள் என்று மனதுக்குள் ஓடியது. மதிலை ஒட்டிய சந்தில் நடந்தேன். தலைக்கு மேலே எங்கேயோ பலகை அதிரும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்க்காமல் இருப்பதற்கு எனக்கு இருந்த தெம்பெல்லாம் செலவானது. சற்று தூரத்தில் குழாய் பதிக்கப் பாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஊருக்குள் திரும்பினேன். அங்கே தெருக்கள் எல்லாம் வளைந்து வளைந்து போகின்றன. ரொட்டிக்கடை, சந்து, தோல் பதனிடுபவர்களின் பழைய வீடு, இன்னொரு ரொட்டிக்கடை. இல்லை, அதே ரொட்டிக்கடை. எல்லா வீட்டு ஜன்னலிலும் ஒரே சிவப்புப் பூத்தொட்டி. பாட்டில் போடப் போன அன்று வைதேகி பாடன் தெருவில் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரிடம் வழி கேட்டேன்.

ரைம்லிங்கர் வாசலுக்கு வந்தபோது வைதேகி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிவநேசன்.

"எங்க போயிட்டீங்க? நான் வந்து எவ்வளவு நேரமாச்சு!" என்றாள்.

"நான் தேட வெளிக்கிட்டன் ஐயா. அம்மாதான், வருவார் இருங்கோ எண்டவ," என்றார் சிவநேசன்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"நாலு வாசல் போச்சு, அஞ்சாவதுல எறங்கினேன். எண்ணத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானா?" அவள் சிரித்தாள். ஆனால் ஸ்வெட்டரின் நுனியை இன்னும் விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளும் பயந்துதான் இறங்கியிருக்கிறாள்.

தங்கை வீட்டில் புட்டும் மீன்குழம்பும்; எங்களுக்காகக் கத்தரிக்காய்க் கறி தனியாக. நான்கு மணிக்குப் புறப்பட்டோம். காரில் ஏறியதும் வைதேகியின் பாஸ்போர்ட்டையும் போனையும் பையிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். இடுப்பு லேசானது. மனது ஆகவில்லை.

உல்ம் தாண்டிய பிறகு அவள் முன்சீட்டின் பக்கம் குனிந்து சொன்னாள். "அன்னைக்கு நீங்க மகள்கிட்ட சொல்லாம இருந்ததுக்கு நன்றி தம்பி. இன்னைக்கு நானே சொல்லிடறேன். ஊருக்குப் போறதுக்குள்ள இங்கயே ஒரு டாக்டரைப் பாத்துடலாம்."

"ஓம் அம்மா. நீங்களே சொல்லுறதுதான் நல்லது," என்றார் அவர். எல்லைச் சாவடியில் இந்த முறையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. வைதேகி பாஸ்போர்ட்டைத் தானே பிடித்திருந்தாள்; விரிக்கவில்லை.

மதில் பார்க்க இவ்வளவு தூரம் போன நான் மதிலுக்குள் குடியிருப்பவன். ஏழு மதில் எங்கள் ஊரில். நோர்ட்லிங்கனில் ஒன்றே ஒன்று. ஆனால் அது ஆளைத் தொலைய விடாது, நடந்தால் போதும், கொண்டுவந்து விட்டுவிடும். கோயிலைச் சுற்றி ஓடும் எங்கள் உத்திர வீதியும் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வரும். ஆனால் அங்கே தடுப்பு கிடையாது. ஆட்டோ, மாடு, பூக்கடை, நாலா பக்கமும் பிரியும் சந்து. ஊர் போனதும் காலையில் அதைத் தனியாகச் சுற்றப்போவதாக அவள் சொல்லிவிட்டாள். டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. அவர் கூடாது என்று சொல்லாதவரை நான் தடுக்கப்போவதில்லை. வாசலில் உட்கார்ந்து காத்திருப்பேன். புறப்படும்போது அவள் சொல்லிவிட்டுத்தான் போவாள். அதைக் காதில் வாங்குவது என் வேலை.