பூசிய சுவரை உடைக்காதே

கலைமதி ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் லைனில் ஏழு வருஷம் நின்றவள். கான்ட்ராக்ட் முடிந்ததும், பென்னலூரில் தொழிலாளர் விடுதி கட்டும் இடத்தில் ஸ்டோர் வேலை கிடைத்தது.

சேர்ந்த மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், முதல் மாடிக்குப் போனாள். கொத்தனார் இசக்கியப்பன் சுவர் பூசிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, இது முந்தாநாளே பூசின செவுராச்சே?"

"நான் பூசுதேன், கரண்டுக்காரன் பைப்பு வைக்க ஒடைக்கான். மறுபடி பூசுனா தண்ணி பைப்புக்காரன் ஒடைக்கான். நான் என்ன செய்ய தாயி?"

சைட் இன்ஜினியர் ரகுபதியிடம் சொன்னாள்.

"ஆளுங்களுக்குச் சுறுசுறுப்பு இல்லம்மா. அதான் வேலை ஓடல," என்றார் அவர்.

கலைமதிக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலையில் லைன் நின்றால் ஏன் நின்றது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஒரு வாரம், யார் எதற்காக எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று குறித்தாள். இசக்கியப்பனின் எட்டு மணி நேரத்தில் மூன்று மணி கலவைக்கும் சாரத்துக்கும் காத்திருப்பதிலேயே போனது. உடைத்ததை மறுபடி பூசுவதில் இன்னும் ஒன்றரை.

அவள் குறித்துக் கொடுத்த தாளை ரகுபதி இரண்டு தரம் படித்தார். "சரி, இன்னா பண்ணலாம்ன்ற?"

"ரெண்டாவது மாடியில எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் முடிச்சுட்டோம்னு செவுத்துலயே கையெழுத்து போடட்டும் சார். அப்புறம்தான் பூச்சு. நாளைக்கு எந்த ரூம்னு சாயந்தரமே எல்லாரும் பேசிக்கினா, சாமானைக் காலையில அங்க ஏத்தி வச்சிடுவேன்."

இரண்டாவது மாடிப் பூச்சின் முதல் நாளே சோதனை. எலக்ட்ரீஷியன் வனமாமலை வரவில்லை. பூச்சு ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று கான்ட்ராக்டர் ரகுபதியிடம் போனில் கத்தினார். ரகுபதி தடுமாறி, "பூசச் சொல்லிடு கலைமதி," என்றார்.

அவள் அறை வாசலிலேயே நின்றுகொண்டாள். "இன்னிக்குப் பூசினா நாளைக்கு உடைக்கணும் சார். பக்கத்து ரூம்ல நேத்தே போட்ட ரெண்டு கையெழுத்தும் கீது. அங்க ஆரம்பிக்கட்டும்."

ரகுபதி போய்ப் பக்கத்து அறைச் சுவரின் கையெழுத்துகளைப் பார்த்தார். பிறகு இசக்கியப்பனை அங்கே போகச் சொன்னார்.

முதல் மாடிப் பூச்சு இருபத்திரண்டு நாள் இழுத்தது. இரண்டாவது பதினைந்தே நாளில் முடிந்தது. ஒரு சுவர்கூட உடைபடவில்லை. மாலைப் பேச்சுக்கு இசக்கியப்பனையும் ரகுபதியே கூப்பிட ஆரம்பித்தார்.

மூன்றாவது மாடி தொடங்கிய அன்று மழையில் மணல் லாரி மண்ணூரில் சிக்கிக்கொண்டது. கலைமதி குடையை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். மணல் இல்லாமல் கலவை போட முடியாது; லாரி வருவதற்குள் அறைகளுக்குள் சாரம் கட்டிவிடலாம் என்று ஆட்களைக் கூப்பிட்டாள்.