காகிதத்தில் ஊறாத தேன்

அம்மாவின் காலில் புண் வந்த வருஷத்தில்தான் கொசுத்தேன் என்ற பேரையே நான் கேள்விப்பட்டேன். கல்லாவியில் எங்கள் கேழ்வரகுக் கொல்லையில் களை எடுக்கும்போது களைக்கொத்து பட்ட காயம். சின்னக் காயம்தானே என்று மஞ்சளை அப்பிவிட்டு அம்மா வேலையைப் பார்த்தாள். அது ஆறவில்லை. கணுக்காலுக்கு மேலே குழி விழுந்து, ஓரமெல்லாம் வெளுத்துப்போயிற்று. ஊர் வைத்தியர் பார்த்துவிட்டு, கொசுத்தேன் கிடைத்தால் துணியில் தடவிக் கட்டுங்கள், வேறு தேன் வேண்டாம் என்று சொன்னாராம்.

நான் வாழ்க்கைப்பட்டு இருந்த ஓசூருக்கு என் தம்பி வந்து இதைச் சொன்னான். "உங்க பக்கம் காடு இருக்குதில்லக்கா, கெடைச்சா அனுப்பு. இங்க கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க."

கொசுத்தேன் என்பது கொசு அளவே இருக்கும் ஒரு ஈ சேர்க்கிற தேன். அந்த ஈ கொட்டாது. மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு கட்டும். ஒரு கூட்டை உடைத்தால் உள்ளங்கை நிறையக் கிடைத்தாலே பெரிது. அதனால் மற்ற தேனைவிட விலை பல மடங்கு. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய் அவளிடம் கேட்டேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஓசூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஓடு போட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அடுத்த வீடு அவளுடையது. என் வயதுதான். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். என்னை "ஏமே" என்றுதான் கூப்பிடுவாள்; தெலுங்கில் ஏண்டி என்கிற மாதிரி. என் அம்மா வாயில்கூட என் பெயர் அவ்வளவு ஆசையாக வந்ததில்லை. முதல் கர்ப்பம் கலைந்து நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது எனக்கு வெந்நீர் ஊற்றி, துணி அலசி, ரசம் வைத்து ஊட்டியவள் அவள். கூடப் பிறந்தவள் இருந்தாலும் அப்படிச் செய்திருப்பாளா என்று அப்போது நினைத்தேன்.

கொசுத்தேன் என்றதும், "அஞ்செட்டிக் காட்டுலேருந்து ஒருத்தர் சந்தைக்கு வருவாரு. நான் வரச் சொல்றேன். ஆனா நீ தனியா வாங்காத. இந்தத் தேன்காரங்கள நம்பவே கூடாது" என்றாள்.

சந்தை நாளில் அந்த ஆள் வந்தார். தலையில் முண்டாசு, தோளில் வாய் கட்டிய தகரம். வாசலில் இறக்கி வைத்ததும் அவள் அவரோடு கன்னடத்தில் சண்டைக்கு நின்றாள். எனக்குக் கன்னடம் தெரியாது. விலையைக் குறைக்கச் சொல்கிறாள் என்று மட்டும் புரிந்தது. அவர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"எடுத்த ஒடனே வாங்கிடாத. மொதல்ல பாரு" என்று பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து வந்து, என் கையாலேயே ஒரு சொட்டு விடச் சொன்னாள். சொட்டு முத்து மாதிரி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வழித்துப் பார்த்தோம். காகிதத்தில் ஈரம் இல்லை. எழுத்து கலங்கவில்லை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் விடச் சொன்னாள். நூல் மாதிரி இறங்கி, கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது.

"பாத்தியா? போலித் தேனுன்னா ஊறிடும், கரைஞ்சிடும். இது நெசம்" என்றாள்.

தகரத்துக்குள் ஒரு துண்டு தேனடை மிதந்தது. அதில் செத்த ஈ இரண்டு ஒட்டியிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போயிற்று. சீசாவில் வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்தேன். கெட்டியாக, தித்திப்பாக, கடைசியில் லேசான புளிப்போடு இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் நானே காகிதத்தில் விட்டுப் பார்த்தேன். கெட்டிக்காரி ஆகிவிட்டோம் என்று எனக்குப் பெருமைகூட. ஆபீஸ்காரர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டி, அவர்களையும் வாங்க வைத்தேன். சீசாவை அவள் புருஷனே பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரை கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுப்பார்.

ஒரு தடவை நான் ஊருக்குப் போனபோது அவளும் கூட வந்தாள். அம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, கட்டை அவிழ்த்து, புண்ணை ஊதிக்கொண்டே புதுத் துணியில் தேன் தடவிக் கட்டினாள். அம்மா கண் கலங்கிப்போனாள். கிளம்பும்போது ஒரு பை நிறைய மொச்சைக்காய் கொடுத்து, "என் பொண்ண நீதான் பாத்துக்கோணும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புண் ஆறவில்லை. தம்பி வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "எறும்பு மொய்க்குதுக்கா. கட்டு கட்டுனா கட்டுமேல ஊருது. அம்மாவால ஒரு எடத்துல உக்கார முடியல."

நான் அதை அவளிடம் சொன்னேன். "நல்ல தேனுக்கு எறும்பு வராது. உங்க வூட்டுல வெல்லம் கில்லம் தொட்ட கையோட கட்டியிருப்பாங்க" என்றாள். நானும் தம்பியைத் திட்டினேன். கை கழுவிவிட்டுத் தொடு என்று.

அந்த வருஷ மழையில் எங்கள் வீட்டுப் பின்சுவர் விரிசல் விட்டது. மழை நின்றதும் வரிசை வீடுகளின் சொந்தக்காரர் ஆள் வைத்து இடித்துக் கட்டத் தொடங்கினார். கடப்பாரை போட்ட இடத்தில் இருந்து பொடிப் பொடியாக ஏதோ பறந்து வந்து என் தலைமுடிக்குள் புகுந்தது. கொசு என்று நினைத்துத் தட்டினேன். மண்ணுக்குள் கருப்பாகப் பிசின் மாதிரி ஒரு கூடு. அதில் திராட்சைக் கொத்து போலச் சின்னச் சின்னக் குடங்கள்.

"கொசுத்தேனு! கிண்ணம் எடுத்தாம்மா, வழிச்சுக்கோ" என்று சொந்தக்காரர் கத்தினார்.

கிண்ணத்தில் பிழிந்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. விரலில் தொட்டு வாயில் வைத்தேன். எடுத்ததும் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் ஒரு கசப்பு. நான் மாதக்கணக்கில் வாங்கிய தேனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பழக்க தோஷத்தில் காகிதம் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். ஊறிப் பின்பக்கம் வந்துவிட்டது. தண்ணீரில் விட்டேன். விட்ட வேகத்தில் கலைந்தது.

"இது கெட்டுப்போன தேனுங்களா? சோதனையில நிக்கலையே" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கொசுத்தேனு இப்படித்தாம்மா நீத்தமா, தண்ணியாட்டம் இருக்கும். காயிதத்துல வுட்டா ஊறத்தான் செய்யும். கெட்டிப் பாகு காச்சி வுட்டுப் பாரு, அது எந்தக் காயிதத்துலயும் ஊறாது."

உள்ளே போய் என் சீசாவை எடுத்து வந்தேன். அவர் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துத் துப்பினார். "வெல்லப்பாகு. எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்கான். யார்கிட்ட வாங்குன?"

"அஞ்செட்டிலேருந்து ஒருத்தர் வருவாருங்களே, முண்டாசு கட்டிக்கிட்டு. இங்கதான், வாசல்லதான் வாங்குவேன்."

"யாரு, தகரம் தூக்கிட்டு வருவாரே, அவரா? அவரு எங்க அஞ்செட்டியப் பாத்தாரு? கெலமங்கலத்துல வெல்ல மண்டியில இருக்காரு. உன் பக்கத்து வூட்டம்மாவோட அண்ணன்தானே?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். "உனக்குத் தெரியும்னு நெனச்சேம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வேலையாட்கள் பக்கம் போனார்.

இடித்த மண்மேல் அப்படியே உட்கார்ந்தேன். பொடி ஈக்கள் கூடு தேடி என்னைச் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போதுதான் தகரத்தில் மிதந்த செத்த ஈக்கள் நினைவுக்கு வந்தன. அவை பெரிய ஈக்கள். இந்த ஈயைப்போல நாலு சேர்ந்தால்தான் அதில் ஒன்று ஆகும். கண் முன்னால் இருந்தது எனக்குத் தெரியவில்லை. அண்ணனும் தங்கையும் தெலுங்கில் பேசாமல் கன்னடத்தில் சண்டை போட்டதும், அவர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனதும், அவள் கண்ணடித்ததும் ஒவ்வொன்றாக வந்தன. அவள் என் பக்கம் நிற்பதற்கு அடையாளம் அந்தக் கண்ணடிப்பு என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சீசாவைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தேன்.

"அவரு உங்க அண்ணனா?"

அவள் சீசாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. துணியைத் திருப்பிப் போட்டாள். "யாரு சொன்னாங்க?"

"ஆமாவா இல்லையா, அதச் சொல்லு."

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"எங்கம்மா கால உன் மடியில வெச்சுக் கட்டுனியே. அப்பவும் உனக்குத் தெரியுமா, இது பாகுன்னு?"

அவள் துணியை முறுக்கிப் பிழிந்தாள். நான் நகரவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "நான் ஒன்னும் உன்ன வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலையே. காயிதத்துல வுட்டுப் பாத்தது யாரு? நீதானே. தண்ணியில வுட்டுப் பாத்தது யாரு? பாத்து, நல்லா இருக்குதுன்னு நீயாத்தானே வாங்குன?" என்றாள்.

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. எனக்கு ரசம் ஊட்டியவளின் வாயா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "வெறும் பாகு யாரையும் சாகடிச்சிடாது" என்று வேறு சொன்னாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சீசா கல்லின்மேலேயே இருந்தது. சாயங்காலம் பார்த்தபோது எறும்பு அப்பிக்கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊருக்குப் புறப்பட்டேன். அம்மாவைப் பார்த்தால் கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. வண்டி கட்டி, பஸ் ஏற்றி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அழுகிய சதையைச் சுரண்டி எடுத்து ஊசி போட்டார். அம்மா பல வாரம் அங்கேயே கிடந்தாள். புண் ஆறியது. ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அம்மா சொன்னாள்: "எறும்பு மொய்க்கறப்பவே எனக்குச் சந்தேகந்தான் கண்ணு. ஆனா நீ அவ்ளோ தூரத்துலேருந்து ஆசையா அனுப்பறியே, வேணான்னு எப்படிச் சொல்றது? அதான் தொடச்சுட்டுக் கட்டிக்குவேன்."

தேன்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவன் யாருடைய அண்ணன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் மடியில் தன் கால் இருந்ததையும் அம்மா நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

என்னை நம்பி வாங்கிய இரண்டு பெண்களிடமும் போய் உள்ளதைச் சொன்னேன். ஒருத்தி பரவாயில்லை என்றாள். இன்னொருத்தி, "நீயும் அவளும் கூட்டாளிங்கதானே?" என்று ஒரு மாதிரி கேட்டாள்.

அவளும் நானும் பேசிக்கொள்ளாமலே ஒரு சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகக் குடியிருந்தோம். அவள் புழங்கும் சத்தம் கேட்கும். வாசலில் யாரையாவது "ஏமே" என்று அவள் கூப்பிட்டால், என்னை அறியாமல் திரும்பிவிடுவேன். அது என்னை அல்ல என்று தெரிந்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் ஆயிற்று. சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவள் வந்தாள். முந்தானைக்குள் இருந்து ஒரு சின்ன மருந்து சீசாவை எடுத்து நீட்டினாள்.

"இது நெசமான கொசுத்தேனு. அம்மாவுக்குக் குடு" என்றாள்.

நான் வாங்கவில்லை. அவள் அதை அம்மிக்கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர்தான் எடுத்துச் சாமானோடு வைத்தார்.

கிருஷ்ணகிரியில் சாமான் பிரிக்கும்போது அது கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்து ஒரு சொட்டு வாயில் வைத்தேன். புளிப்பு, இனிப்பு, கசப்பு. நீர் மாதிரி இருந்தது. உண்மையான தேன்தான்.

"பாரு, மனசு கேக்காமத்தான் குடுத்திருக்கா" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாரும் நல்லவர்கள். எனக்கு மட்டும் அதற்கு முன் வராத ஆத்திரம் அப்போது வந்தது. உண்மையான தேன் எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டும் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே கொண்டுவந்திருக்க முடியும். அம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்த அன்றைக்கே. நான் வாசலில் போய்ச் சீசாவைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை மண்ணில் ஊற்றினேன்.

அம்மா இருந்தவரை அவளை மறக்கவில்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், அந்தக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அந்தத் தெலுங்குக்காரப் பொண்ணு எப்படி இருக்குது? தங்கமான பொண்ணு" என்பாள்.

"நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.