ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம்

என் நோய் முதலில் கண்ணில்தான் தெரிந்தது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வரும் உருப்படிகளை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்கும் வேலை. ஒரு நாள் காலையில் கையிலிருந்த பனியனுக்கு இரண்டு கழுத்துகள் தெரிந்தன. வலது கண்ணைப் பொத்தினால் ஒன்று, எடுத்தால் இரண்டு.

கண்ணாடிக் கடையில் பவர் கூடியிருக்கிறது என்றார்கள். புதுக் கண்ணாடி போட்டும் மாறவில்லை. சாலையைக் கடக்கும்போது எதிரே வரும் இரண்டு லாரிகளில் எது நிஜம் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். கடைசியில் திருப்பூரில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். அவர் விரலை வலப்பக்கமாக நகர்த்தி அதையே பார்க்கச் சொன்னார். இடது கண் விரலோடு போனது. வலது கண் நடுவிலேயே நின்றுவிட்டது. மறுபடியும் நகர்த்திப் பார்த்தார். அதன்பிறகு கண்ணுக்கு மருந்து எழுதாமல் தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணவர் சாயப்பட்டறையில் வேலை செய்பவர். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னங்க சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல புள்ள. சின்னக் கட்டியாமா.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் எழுந்து உள்ளே போய் நேராகவே கேட்டேன்.

மருத்துவர் மேசையிலிருந்த பிளாஸ்டிக் மண்டையோட்டைத் திருப்பிக் காட்டினார். மூக்குக்கு வெகு பின்னால், மண்டையின் அடித்தளத்தில் சரிவாக ஒரு எலும்பு இருக்கிறது. அதற்குள் கோர்டோமா (நாம் கருவில் இருந்தபோது மிஞ்சிப்போன திசுவிலிருந்து வளரும் அரிய கட்டி) வளர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் மூளைத்தண்டு (மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் இடம்). மண்டையைத் திறந்து போனால் வழியில் நரம்புகள் அதிகம். அதனால் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் (முனையில் வெளிச்சமும் கேமராவும் உள்ள மெல்லிய குழாய்) விட்டு எடுக்கலாம் என்றார். எங்கள் பக்கத்தில் அப்போது அது புதிது. இந்தக் கட்டிக்கு அப்படிச் செய்துகொண்ட யாரையும் எங்களுக்குத் தெரியாது.

“முழுசா எடுத்துருவீங்களாங்க?”

“பாக்கறேங்க. ரத்தக்குழாயோட ஒட்டியிருந்தா அந்த இடத்தை விட்டுட்டுத்தான் வருவேன். குழாய் கிழிஞ்சா உங்களைக் காப்பாத்த முடியாது.”

அதைக் கேட்ட பிறகுதான் அவரிடம் என்னை ஒப்படைக்கலாம் என்று தோன்றியது.

மகள் காவ்யாவைக் குன்னத்தூரில் என் அம்மாவிடம் விட்டேன். மூக்குக்குள்ளே கத்தி எப்படிப் போகும் என்று கேட்டாள். மருந்துதான் விடுவார்கள் என்றேன்.

கண் விழித்தபோது மூக்கு முழுக்கப் பஞ்சு. வாயால் மூச்சு விட்டு நாக்கு மரக்கட்டையாகியிருந்தது. மூக்கு மருத்துவரும் மூளை மருத்துவரும் சேர்ந்து செய்திருந்தார்கள். பெரும்பகுதி வந்துவிட்டது, ஒரு படலம் மட்டும் ரத்தக்குழாயில் ஒட்டியிருக்கிறது, அதை விட்டுவிட்டோம் என்றார் முன்பு பேசிய மருத்துவர். உள்ளே திறந்த ஓட்டையை என் தொடைக் கொழுப்பால் அடைத்திருந்தார்கள்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்கள் அடுத்ததைக் கவனியுங்கள். வீடு திரும்பி, முகம் கழுவக் குனிந்தபோது மூக்கிலிருந்து தெளிவான நீர் சொட்டியது. “சளிதான் கண்ணு, ஆவி புடிச்சா நின்னுரும்” என்றார் துணைக்கு வந்திருந்த அம்மா. தொண்டையில் உப்புக் கரித்தது. அப்படிக் கரித்தால் உடனே வரச் சொல்லித்தான் மருத்துவமனையில் அனுப்பியிருந்தார்கள். அது சளி அல்ல, மூளையைச் சுற்றியுள்ள நீர். அந்த வழியாகக் கிருமி மேலே போனால் மூளைக் காய்ச்சல். அன்றே காரில் கோவை போனோம்.

முதுகில் குழாய் செருகி, நீரை அங்கே வடியவிட்டு, என்னை அசையாமல் படுக்க வைத்தார்கள். அடுத்த கட்டிலில் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர். அவருக்கும் அதே கசிவு. “தும்மல் வந்தா அடக்காத என்ன, வாயத் தொறந்து தும்மிரு” என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஒரு மதியம் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. எதிரே இருந்த தன் தங்கையை அம்மா என்று கூப்பிட்டார். தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். மறுநாள் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார்கள். அன்று முழுக்க என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. ஓட்டையை மறுபடி அடைத்தார்கள், கசிவு நின்றது. பிறகு மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில மாதங்களில் இரண்டு உருவங்களும் நெருங்கி ஒன்றாயின. கம்பெனியில் மறுபடி சேர்ந்தேன்.

வாசனை மட்டும் திரும்பவில்லை. முன்பெல்லாம் கணவர் வேலை முடிந்து வரும்போது சாயநெடி வீடெங்கும் நிற்கும். இப்போது அவர் வந்ததே தெரிவதில்லை. சோறு அடிபிடித்தால் காவ்யா ஓடிவந்து சொல்கிறாள். குனிவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறேன். தலைக்குள் நான் தொட முடியாத இடத்தில் என் தொடையின் ஒரு துண்டு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அந்தப் படலம்.

மிச்சத்தைக் கண்காணிக்க அவ்வப்போது எடுக்கும் ஸ்கேனை இந்த முறை மருத்துவர் வெகுநேரம் பார்த்தார். “கொஞ்சம் கூடுன மாதிரி இருக்குங்க. படம் எடுத்த விதத்துல வந்த வித்தியாசமாவும் இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

திரும்பும் பேருந்து அவிநாசியைத் தாண்டியது. பிறகு கணவர், காவ்யா பெரியவளாகிறாள், வீட்டுக்கு மேலே ஒரு அறை கட்ட வேண்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

“ஆறு மாசத்துக்குள்ள முடியுமுன்னா கட்டுங்க” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருப்பூர் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்றேன்.”