முக்கூட்டு ரோட்டில் ஒரு குட்டிக்கரணம்

வார்னிஷில் முக்கியெடுத்த கம்பிக் காயில்களை அத்தா வெயிலில் தொங்கவிடும்போது கிளம்பும் நெடி முதலில் மூக்கில் குத்தும், பிறகு தொண்டைக்குள் இறங்கி லேசாக இனிக்கும். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எங்கள் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் பின்னாலேயே வீடும் இருந்ததால் சோற்றிலும் அந்த வாசனைதான், பள்ளிக்கூடப் பையிலும் அந்த வாசனைதான். வயல்காட்டுக் கிணறுகளில் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கும். அவற்றின் கருகிய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செப்புக் கம்பியைச் சுற்றிக் கட்டுவது அத்தாவின் தொழில். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நானும், ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருந்த என் அண்ணன் சாதிக்கும் அதில் பாதி வேலை செய்தோம்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். 'எத்தினி சீட்டு, யாருக்கு எத்தினி' என்ற பேச்சு டீக்கடையில், பஸ்ஸில், சலூனில் எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கடைக்கு எல்லாச் சாதிக்காரர்களும் மோட்டார் கொண்டுவருவார்கள் என்பதால் அத்தா எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிவைத்திருந்தார்: "நம்ம வேல காயிலு கட்றது. வாயையும் சேத்துக் கட்டிக்கினு கட்டுங்க." அண்ணனுக்கு மட்டும் அந்தப் பேச்சு வெறும் பேச்சாக இல்லை. வெளியூர் பாலிடெக்னிக் ஒன்றிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி அவனுக்குக் கடிதம் வந்திருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

விமானம் செய்யும் எண்ணம் பழைய பேப்பர் கட்டு ஒன்றிலிருந்து வந்தது. ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையின் ஒற்றைத் தாள். அதில் ஒருவர் கையில் ஒரு பிடியை வைத்துக்கொண்டு நிற்கிறார். பிடியிலிருந்து இரண்டு கம்பிகள் போகின்றன. அவற்றின் நுனியில் சிறிய விமானம் ஒன்று தலைகீழாகப் பறக்கிறது. பிடியை மேலே சாய்த்தால் வாலில் உள்ள தகடு தூக்கிக்கொண்டு விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும், ஒரேயடியாக மேலே சாய்த்துப் பிடித்தால் வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கும். படத்தில் இருந்தது எண்ணெயில் ஓடும் எஞ்சின். எங்களிடம் இருந்தது, சவுதியிலிருந்து மாமா கொண்டுவந்து, சக்கரம் உடைந்து மூலையில் கிடந்த பேட்டரி பொம்மைக் காரின் மோட்டார்.

மோட்டாரோடு பேட்டரியும் ஏறினால் அது பறக்காது என்பது அண்ணனுக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. பேட்டரியைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, விமானத்தைக் கட்டுப்படுத்தும் அந்த இரண்டு கம்பிகள் வழியாகவே கரண்டை அனுப்பினால் என்ன என்று அவன் கேட்ட நாளில் நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த கம்பியையே பார்த்தான். இனாமல் பூசிய செப்புக் கம்பி, பதினைந்து அடி நீளத்தில் இரண்டு. இரண்டும் ஒன்றோடொன்று உரசினாலும் ஷார்ட் ஆகாது. விமானத்துக்குள் கம்பிகள் வந்து சேர்ந்து வால் தகட்டை அசைக்கும் முக்கோணத் தகட்டை, மோட்டாரின் வரிப்பள்ளத்துக்குள் கரண்ட் கசியாமலிருக்கச் செருகும் ஃபைபர் தாளை ஒட்டித் தடிப்பாக்கி அறுத்தோம். இறக்கைக்கு டி.வி. பெட்டிக்குள் வந்த தெர்மகோலும் மூங்கில் குச்சியும். உடம்புக்குக் கச்சிராயபாளையத்துப் பக்கம் கரும்பு பூக்கும்போது கிடைக்கும் காய்ந்த பூத்தண்டு, ஊதினால் பறக்கும் அத்தனை லேசு. மேலே காற்றாடித் தாளும் மைதாப் பசையும். விசிறியை மட்டும் அண்ணன் மூன்று முறை செதுக்கினான்.

பறக்கவிட இடம் வேண்டும். ஏரியில் முள், மொட்டைமாடியில் ஆன்டெனா, பள்ளி மைதானத்தில் வெளியூர்க் காவலர்களின் கூடாரம். அந்த வாரம்தான் சாலை மறியல் தொடங்கியது. கச்சிராயபாளையம் போகும் வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள் என்றார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடைகள் இல்லை. வடக்கனந்தல் பக்கம் சாலை பிரியும் 'முக்கூட்டில்' பஸ்கள் திரும்புவதற்காகப் போட்ட அகலமான தார் பரப்பு காலியாகக் கிடந்தது. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கேரம் போர்டு மாதிரி கெடக்குது" என்றான்.

அவனால் பறக்கவிட முடியாது. நாலு சுற்றுச் சுற்றினாலே தலைசுற்றி உட்கார்ந்துவிடுவான். எனக்கு எத்தனை சுற்றினாலும் ஒன்றும் ஆகாது. அதனால் பிடி என் கைக்கு வந்தது. சார்ஜுக்கு வந்து, பஸ் இல்லாததால் யாரும் எடுத்துப்போகாத மோட்டார் சைக்கிள் பேட்டரிகள் இரண்டைச் சேர்த்து ஒரு ஜோல்னாப் பையில் வைத்து என் தோளில் மாட்டினான். முதல் நாளே ஆசிட் கசிந்து என் பாவாடையில் காசளவுக்கு ஓட்டை விழுந்தது.

முக்கூட்டில் வெட்டிய மரத்தின் மேலேயும் பக்கத்து நிழலிலும் மறியல்காரர்கள் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பு வெட்டுபவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், சோறாக்கிக்கொண்டிருந்த பெண்கள். எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர் எழுந்து வந்தார். அய்யாக்கண்ணு என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

"இன்னா தம்பி இது?"

"ஏரோப்ளேனுங்க. பறக்கும்."

"பறக்குமா?" என்று குனிந்து பார்த்தவர், கையால் தொடவில்லை. "இங்க ஒண்ணும் ஓடலியே, இதாவது ஓடட்டும், வுடு."

முதல் நாள் அண்ணன் கையிலிருந்து விட்டதும் அது தார் ரோட்டில் மூக்கைக் குத்திக்கொண்டது. இரண்டாம் நாள் மூக்கில் ஈயத்துண்டைக் கட்டிக்கொண்டு போனோம். ஆறு சுற்று, ஏழு சுற்று, கொசு கத்துவதுபோல் கத்திக்கொண்டு என் இடுப்பு உயரத்தில் பறந்தது. அய்யாக்கண்ணு பிள்ளைகளை விரட்டிக்கொண்டே நின்றார். "வட்டத்துக்குள்ள வராதீங்க, கம்பி கழுத்த அறுத்துடும். அந்தப் பொண்ணு கண்ண எடுக்காம சுத்திக்கினு கீது பாரு."

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்றே இல்லை. அண்ணன் விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்து ஓடிவந்து விட்டுவிட்டு, கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே போனான். மூன்று சுற்று நேராக வந்தது. நாலாவது சுற்றில் "இப்ப!" என்று அவன் கத்தினான். நான் பிடியை முழுக்கச் சாய்த்தேன். அது செங்குத்தாக ஏறி, என் தலைக்கு மேலே வயிற்றைக் காட்டி, பின்பக்கமாக மடங்கி இறங்கி, தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது மறுபடியும் நேரானது. மரத்தில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். நான் அண்ணனைப் பார்க்கவில்லை. விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சுற்றில் இன்னொன்று அடிக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறெதுவும் இல்லை.

விசில் சத்தத்தில் வேன் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் காவலர்கள் ஏறிக் குதித்து வந்தார்கள். எல்லோரும் ஓடினார்கள். நான் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி சுவிட்சை அணைத்து, விமானத்தைப் பார்த்து இறக்கினேன். நிமிர்ந்தபோது அண்ணன் என் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். பிடியை என் விரல்களிலிருந்து பிரித்து எடுத்தான்.

"பேட்டரி, ஒயரு. இன்னாடா இது, பாமா?"

"ஏரோப்ளேன் சார்."

"யாருது?"

"என்துதான் சார்."

அய்யாக்கண்ணு ஓடாமல் நின்று, "அது வெளாட்டு சாமானுங்க. நாங்க மூணு நாளா பாக்கறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதாலேயே அண்ணனும் அவர்களோடு சேர்ந்தவன் ஆகிவிட்டான். ஒரு காவலர் பூட்ஸ் காலை விமானத்தின் மேல் வைத்தார். தெர்மகோல் உடைவது அத்தனை சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கன்னத்தில் அறை வாங்கிய அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. யாரோ ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கரும்புக்குள் இழுத்துக்கொண்டு போய், ஊர் எல்லையில் விட்டுவிட்டு, "வூட்டுக்குப் போ பாப்பா, இங்க பாத்தத ஒண்ணும் சொல்லாத" என்றாள். அதை அப்படியே கேட்டுக்கொண்டேன். நான் அழவில்லை. வீட்டுக்குப் போய்க் கைகாலைக் கழுவினேன். அம்மா தட்டில் போட்ட சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பிறகுதான் சொன்னேன். பிடி யார் கையில் இருந்தது என்று சொல்லவில்லை.

பிடிபட்டவர்களையெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். அத்தா சைக்கிளில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பார்க்க முடியாமலே இரண்டு நாள் திரும்பினார். வியாழக்கிழமை சாயங்காலம் விட்டார்கள். அண்ணன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான். சட்டைப் பையில் கடிதம் இருந்தது.

"எப்பிடியும் பஸ்சு ஓடல. வூட்ல இருந்திருந்தாலும் நீ போயிருக்க முடியாது" என்றார் அத்தா. நாங்கள் எல்லோரும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டோம். அம்மா அதைப் பக்கத்து வீட்டில் சொன்னாள், நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, மறியலால் வர முடியாதவர்களுக்கு வேறு தேதி கொடுத்து அதே பாலிடெக்னிக்கிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. அண்ணன் அதைப் படித்தான். பின்பக்கத்தைத் திருப்பி, கடையில் பிரித்துப் போட்டிருந்த ஐந்து எச்.பி. மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு ஆணியில் குத்தி வைத்தான். அத்தா பார்த்தார். "போயேன்டா" என்று ஒருமுறை சொன்னார். "வேல ஜாஸ்தி கீது அத்தா" என்றான். மண்டபத்தில் என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொட்டப் பிள்ளையை ரோட்டுக்கு இட்டுக்கொண்டு போனவன் என்ற பேச்சை மட்டும் அத்தாவிடம் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அத்தா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் திருக்கோவிலூரில் வாழ்க்கைப்பட்டு, பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். முக்கூட்டில் இப்போது ரவுண்டானா, உயர விளக்கு, பெட்ரோல் பங்க். சாலையை அகலப்படுத்தியபோது மிச்சமிருந்த புளியமரங்களும் போய்விட்டன. அய்யாக்கண்ணு எந்த ஊர்க்காரர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அண்ணன் கடையை இன்னும் நடத்துகிறான். ரீவைண்டிங் குறைந்து, புது மோட்டார் விற்பதுதான் ஜாஸ்தி.

போன மாதம் போயிருந்தபோது, மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் சொல்லிவிடுவது என்று வாயெடுத்தேன். "அண்ணே, அன்னைக்கிப் புடி என் கையிலதான..."

அவன் டீயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஆமா, அதான் கேக்கணும்னே இருந்தேன். அது கரணம் அடிக்கசொல்ல கைக்கு எப்பிடி இருந்துச்சு?"

அவன்தான் அதைச் செய்தவன், ஒருமுறைகூடப் பறக்கவிட்டவன் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இழுத்துச்சு" என்றேன். "மேல போகசொல்ல ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்லாத மாதிரி லேசாச்சு. அப்புறம் மறுபடியும் இழுத்துச்சு."

"லேசாச்சா?"

"ஆமாண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டான். டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, வாசலில் வந்து நின்ற ஆளைப் பார்த்து, "இன்னா வேணும்ங்க?" என்று கேட்டபடி எழுந்து போனான்.