நெத்திலிக்குக் குண்டு எழுத்து

நெத்திலியைவிட ஒல்லியான மீனைக் கடவுள் படைத்திருந்தால், அது எங்கள் தூத்துக்குடிப் பக்கம் இன்னும் வரவில்லை. அந்த நெத்திலிக்குத்தான், எட்டு வயதில், உலகத்திலேயே குண்டான எழுத்தை நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இன்றும் சூப்பர் மார்க்கெட்டில் ஏதாவது பாக்கெட்டில் அந்த மாதிரி எழுத்தைப் பார்த்தால், கை தானாக வயிற்றைத் தடவும்.

சித்தி கருவாட்டைப் பாக்கெட் போட்டு விற்கக் கிளம்பிய வருஷம் அது. சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. தனக்கென்று ஒரு தொழில் வேண்டுமென்பது சித்தியின் பிடிவாதம். "இவளாவது, யாவாரமாவது" என்று பெரியவர்கள் சிரித்தார்கள். அவள் மணல் ஒட்டாத நெத்திலியாகப் பார்த்துக் காயவைத்தாள். முதல் நூறு பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்க மில்லர்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். அவளுக்குத் துணையாக நான். எனக்குத் துணையாக ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன்.

கம்ப்யூட்டர் கடை அண்ணன் 'நெத்திலிக் கருவாடு' என்பதைப் பத்து விதமான எழுத்தில் திரையில் ஓடவிட்டார். ஒன்று மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒவ்வொரு எழுத்தும் எண்ணெயில் உப்பிய பூரி. கொம்புக்குத் தொப்பை, புள்ளிக்கும் தொப்பை. பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பீப்பாய்' என்பார்கள். இந்த எழுத்துகளோ அதே உடம்போடு, வெட்கமே இல்லாமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றன.

"இதுதான் வேணும்" என்றேன்.

"யக்கா, இது சின்னப்பிள்ளைக திங்குத மிட்டாய்க்குப் போடுதது. கருவாட்டுக்கு ஒல்லியா ஒண்ணு போடுவோம்" என்றார் அண்ணன்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றேன்.

"குண்டா இருந்தா என்னா? தூரத்துலயே தெரியும்லா. இதையே போடுங்க."

லேபிள் பாக்கெட்டையே விழுங்கிவிட்டது. உள்ளே கிடந்த மீன் எட்டிப் பார்க்கக்கூட இடமில்லை. விற்கக் கொடுத்த மளிகைக்கடையில் அண்ணாச்சி ரொம்ப யோசித்து, அதைச் சிறுவர் தின்பண்டங்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். நாலாம் நாள் போனால், ஒன்றுகூடக் குறையவில்லை.

"கருவாடு வாங்க வாரவ மீனப் பாத்துத்தான் வாங்குவா தங்கச்சி. இதுல எழுத்தத்தான் பாக்க முடியுது" என்றார் அண்ணாச்சி. "பிள்ளைக வேற மிட்டாயின்னு கேட்டு, மோந்து பாத்துட்டு அழுதுட்டுப் போவுதுவ."

அடுத்த வாரம் பயந்துகொண்டே சித்தியிடம் விசாரித்தேன்.

"எல்லாம் வித்துப்போச்சுலே" என்றாள், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. "அந்தக் குண்டு எழுத்துக்குத்தான் அம்புட்டு கிராக்கி."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குள் பீப்பாய் உருளவில்லை, நெஞ்சை நிமிர்த்தி நடந்தது.

அந்த மாதம் முழுக்கச் சித்தி வீட்டில் நெத்திலிக் குழம்பு, எங்கள் வீட்டில் நெத்திலி வறுவல், பக்கத்து வீட்டில் நெத்திலித் தொக்கு. ஒருநாள் மூன்றாம் தடவையாகச் சோறு வாங்கிக்கொண்டு, பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன்:

"நல்லவேளை சித்தி, எல்லாம் விக்கதுக்கு முன்ன நமக்கும் கொஞ்சம் எடுத்து வச்சிய."

சித்தி அகப்பையோடு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.