பச்சை ரிப்பன் போட்ட பிரியாணிக்காரர்

ஒருவருக்கொருவர் தேவைப்படுகிற இரண்டு பேரைக் கண்டுபிடித்துப் பேசவைப்பதுதான் என் தொழில். அந்த இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் தாராளமாகப் பேசிக்கொள்வார்கள்.

நுண்ணுயிர், பாசி, நொதி என்று எதையாவது குடுவையில் வளர்த்துத் தொழில் தொடங்கியிருப்பவர்களுக்காக எங்கள் நிறுவனத்தின் சார்பில் ராயபுரத்தில் மாதம் ஒரு சந்திப்பு நடத்துகிறேன். பேனர் கட்டி, நாற்காலி போட்டு, வராத விருந்தினருக்காக வாசலையே பார்த்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே கட்சி.

ஜாடியைத் திறந்த கதை

முதல் சந்திப்புக்கு நஸ்ரின் வந்தார். இறால் ஓட்டிலிருந்து, தீப்புண்ணின் மேல் போடுகிற மெல்லிய பட்டை செய்கிறவர். திருவொற்றியூரில் ஒரே ஒரு அறை, அதுதான் தொழிற்சாலை. பட்டை நன்றாக வந்தது, காய வைப்பதில்தான் சிக்கல். வெயிலில் வைத்தால் சுருண்டது, அடுப்புச் சூட்டில் வெடித்தது. உறைய வைத்து ஈரத்தை மட்டும் இழுத்துவிடும் ஃப்ரீஸ் டிரையர் என்ற மெஷின் வேண்டும்; அதை வாங்க முதலீட்டாளர் வேண்டும். இரண்டரை மாதத்துக்குள் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்குச் சுருங்காத பட்டை கொடுக்காவிட்டால், அறையைப் பூட்டிவிட்டு ஐதராபாத்தில் விட்டுவந்த வேலைக்கே திரும்புவதாக என்னிடம் சொன்னார்.

மேடையேறியவர், ஆரம்பத்திலிருந்து விளக்குகிறேன் என்று, காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அள்ளிய இறால் ஓடு இருந்த ஜாடியைத் திறந்துவிட்டார். ஜன்னலெல்லாம் சாத்திய ஏசி ஹால். முன்வரிசை முதலில் காலியானது, பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் படியிறங்கினார்கள். ஹால் வாட்ச்மேன் ஏகாம்பரம் மூக்கைக்கூடப் பொத்தாமல் என்னிடம் வந்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கு சார் ஏசி ஹாலு? காசிமேட்டுலயே போட்டிருக்கலாமே."

சிறப்பு விருந்தினரும் கன்டெய்னர் லாரியும்

இரண்டாவது சந்திப்புக்கு ஒரு பெரிய முதலீட்டாளர் வர ஒப்புக்கொண்டார். எண்ணூரில் ஏதோ ஆலையைப் பார்த்துவிட்டு வந்தவர், கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரம் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இதோ வந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஹாலில் முப்பது பேர். ஒருவரும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசவில்லை. இரண்டாம் வரிசையில் நஸ்ரின் இருந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் வியாசர்பாடி செல்வம், இறால் பண்ணைக் குட்டைகளுக்கு நுண்ணுயிர்ப் பொடி தயாரிப்பவர். இருவரும் கழுத்து வலிக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விருந்தினரிடமிருந்து போன் வந்தது.

"நான் இங்க நாலு டிரைவர்களோட நெட்வொர்க்கிங்கையே முடிச்சிட்டேன். உங்க பக்கம் எப்படிப் போகுது?"

கழுத்தில் மாட்டிய தப்பு

எங்கள் சந்திப்பில் ரிப்பனின் நிறம்தான் ஆளின் அடையாளம். தொழில் தொடங்கியவர்களுக்கு மஞ்சள், ஆய்வகத்தாருக்கு நீலம், முதலீட்டாளருக்குப் பச்சை. மூன்றாவது சந்திப்பன்று, ரிப்பன் இல்லாதவரை ஏகாம்பரம் உள்ளே விடமாட்டேன் என்று நின்றதால், சமையல் பொறுப்பேற்ற வண்ணாரப்பேட்டை காதர் பாய்க்குக் கையில் அகப்பட்டதை மாட்டி அனுப்பினேன். அது பச்சை. நஸ்ரினின் கெடுவுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. நான் நிஜ முதலீட்டாளரைத் தேடிப் போனில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் வெள்ளைச் சட்டையில் பாய் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், எதிரே மஞ்சள் ரிப்பன்கள் வரிசையில் நிற்கின்றன. பாய் ஒவ்வொருவர் கதையையும் தலையாட்டிப் பொறுமையாகக் கேட்கிறார், நடுநடுவே சந்தேகமும் கேட்கிறார். மெல்ல அவரைத் தனியே அழைத்தேன்.

"அல்லாரும் வந்து கஷ்டத்த சொல்றாங்கோ சார், சாப்பாடு எத்தினி மணிக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்கோ."

பிரியாணி அண்டா பக்கத்தில்

உண்மையைச் சொல்லி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள், பசி வந்ததும் எல்லோரும் தட்டோடு வந்தார்கள். பாய் இரண்டே இரண்டு பேரை மட்டும் வரிசையிலிருந்து நகர்த்தி அண்டா பக்கத்தில் நிறுத்தினார். ஒருவர் நஸ்ரின், இன்னொருவர் செல்வம். செல்வத்தின் ஃப்ரீஸ் டிரையர் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது, மீதி ஐந்து நாள் சும்மா கிடக்கிறது என்று அவர் பாயிடம் புலம்பியிருக்கிறார்.

என் பதிவுப் படிவத்தில் 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். 'உங்களிடம் என்ன இருக்கிறது' என்று கேட்கத் தோன்றவே இல்லை. இருவரும் 'முதலீட்டாளர்' என்று எழுதியிருந்தார்கள். வெட்கமாகவும் இருந்தது, துள்ளிக் குதிக்கலாம் போல சந்தோஷமாகவும் இருந்தது. பாய் கரண்டியோடு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணாண்ட சரக்கு கீது, காய வெக்க மிஷின் இல்ல. இந்தத் தம்பியாண்ட மிஷின் கீது, காய வெக்க சரக்கு இல்ல. நடுவுல நீ இன்னாத்துக்கு நைனா?"

மூக்கருகே ஒரு பட்டை

செல்வத்தின் மெஷினில் பட்டை சுருங்காமல், வெடிக்காமல், அப்பளம் போல் தட்டையாக வந்தது. கெடுவுக்கு முந்தின நாள் நஸ்ரின் கம்பெனியில் கொடுத்தார், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஐதராபாத் பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த சந்திப்புக்கு ஒரு பட்டையைக் கொண்டுவந்து முதலில் ஏகாம்பரத்திடம்தான் நீட்டினார். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், மறுபடியும் முகர்ந்தார்.

"வாசனயே இல்லியேம்மா, மெய்யாலுமே எறா ஓடுதானா?"

இப்போதெல்லாம் பச்சை ரிப்பனை முதலில் காதர் பாய்க்கு மாட்டிவிட்டுத்தான் நாற்காலி போட ஆரம்பிக்கிறேன், தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிற அறிக்கையில் மட்டும் அதைப் 'புதிய அணுகுமுறை' என்று எழுதிவிடுகிறேன்.